அரமும் மரமும்: செயின்சாப் பல் குறித்து ஓர் ஆய்வு

மரம் கழிக்கும் தொழிலை ஆராயப் புகுந்தோர் பெரும்பாலும் மரத்தைப் பார்க்கிறார்கள். மிஞ்சிய சிலர் மரத்தின் மேல் நிற்பவரைப் பார்க்கிறார்கள். அவருடைய பையின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடக்கும் உருண்டை அரத்தை எவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அறிவுலகின் இப்பெருங்குறையைக் களையும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது.

மரபுப்படி முதலில் முன்னோர் கருத்து. அரத்தையும் மரத்தையும் ஒரே குறளில் (997) வைத்துப் பேசியவர் திருவள்ளுவர். அரம் போலக் கூர்மை இருந்தும் மக்கட்பண்பு இல்லாதவர் மரத்துக்கு ஒப்பானவர் என்பது அதன் கருத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு செயின்சா தேவைப்படும் என்பதை அவர் குறிப்பிடவில்லை. பரிமேலழகரும் அவ்விடத்தை விளக்காமலே கடந்துவிட்டார்.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் மருத்துவர்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர்கள், சிக்கலான பிரசவத்தில் இடுப்பு மூட்டை அறுக்கவும் சீழ்பிடித்த எலும்பை நீக்கவும் பல் வைத்த சிறு சங்கிலியைக் கையால் இழுத்துப் பயன்படுத்தினார்கள். மனிதருக்குச் செய்த அறுவை பின்னாளில் மரத்துக்கு மாறியது. மரங்கள் கருத்துத் தெரிவிக்கவில்லை.

இன்றைய பல்லின் வடிவத்துக்கு ஆசிரியர் ஒரு புழு. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டின் புழு கட்டையை இடமும் வலமுமாகக் கடித்துத் தின்றுகொண்டே போவதைக் கவனித்தார். அதன் தாடையைப் பார்த்து, ஒரு பல் இடப்பக்கம், அடுத்த பல் வலப்பக்கம் என்று மாறி மாறிச் செதுக்கும் செயினை அமைத்தார். நம் ஊர்ப் பட்டறைகளில் தொங்கும் செயின்களும் இந்த வம்சமே.

இனிக் கருவித் தேர்வு. கடைக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை சிசி?” அடுத்தது, “எத்தனை இன்ச் பார்?” விளைவாக, முருங்கைக் கிளை கழிக்க 58 சிசி, 22 இன்ச் மிஷின் வீட்டுக்கு வருகிறது. அதைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறுவது வீரம்தான், சந்தேகமில்லை. மரத்தின் மேல் நின்று வேலை செய்யவே மேல்பக்கம் கைப்பிடி வைத்த, மூன்று கிலோ அளவுள்ள சிறு மிஷின் இருக்கிறது. அதையும் ஒற்றைக் கையால் பிடிக்கக் கூடாது என்றே கையேடுகள் சொல்கின்றன. செயின் சுற்றி ஓடும் தகடான பாரின் நுனியில் மேல்பாதி கட்டையில் பட்டால் மிஷின் அப்படியே முகத்துக்கு எகிறும். மணிக்கட்டுத் தடிமன் கிளைக்கு, இழுக்கும்போது அறுக்கும் வளைந்த கைரம்பமே போதும். மிஷினுக்குக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் அது கிளையைக் கீழே தள்ளிவிடும்.

வாங்கிய மிஷின் ஒரு நாள் அறுக்க மறுக்கும். உடனே உரிமையாளர் கார்புரேட்டரைச் சந்தேகிக்கிறார், பெட்ரோல் பங்க்கைச் சந்தேகிக்கிறார், சில வேளை மரத்தையே சந்தேகிக்கிறார். ஆய்வாளர் கீழே உதிர்ந்ததைப் பார்க்கச் சொல்கிறார். சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது. கூரான பல் தானாகக் கட்டைக்குள் இறங்கும்; மழுங்கியதை ஆள் அழுத்த வேண்டும். வெட்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனால், பெரும்பாலும் ஒரு பக்கப் பற்களுக்கு மட்டும் அதிகமாக அரம் போட்டிருக்கிறார்கள்.

எந்த அரம் என்பதில்தான் உட்பிரிவுகள். சிறு மிஷின்களில் வரும் மெல்லிய செயினுக்கு 4 மில்லிமீட்டர், .325 பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8. இந்த 0.8 மில்லிமீட்டரை அலட்சியம் செய்து, வீட்டில் கிடந்த அரத்தைப் போட்டுத் தேய்ப்பவர்களை ஆய்வுலகம் வன்மையாகக் கண்டிக்கிறது. பல செயின்களில் 30 டிகிரிச் சாய்வு வேண்டும். அரம் முன்னே தள்ளும்போது மட்டுமே அறுக்கும். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளந்து கொடுக்கிறது. தேயத் தேயப் பல் தாழும், மேடு தாழாது. அதையும் தட்டை அரத்தால் இறக்கி, பல்லைவிட ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் கீழே வைக்க வேண்டும். இதை மறந்தவர், எவ்வளவு கூர் தீட்டினாலும் மாவுதான் அரைப்பார்.

பல்லின் எதிரிகளில் முதலாவது மண். ஓடுகிற செயின் ஒரே ஒரு தடவை தரையைத் தொட்டால் போதும். அடுத்தது ஆணி. சாலையோர மரங்களில் பல் கட்டும் விளம்பரப் பலகை அடிக்கிறார்கள்; பலகை உதிர்ந்த பிறகும் ஆணியைப் பட்டை மூடிக்கொள்கிறது. சில ஆண்டுகள் கழித்து அது செயின்சாவின் பல்லைப் பிடுங்குகிறது. விளம்பரத்தின் பயன் இவ்வளவு நீண்ட காலம் நீடிப்பது வேறெந்தத் துறையிலும் காணக் கிடைப்பதில்லை.

மூன்றாவது எதிரி சிக்கனம். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைச் செயின் ஆயில் டேங்கில் ஊற்றும் மரபு செழிப்பாகவே இருக்கிறது. செயினுக்கென்று விற்கும் எண்ணெய் பிசுபிசுப்பாக இருப்பது, வேகமாகச் சுற்றும்போது தெறித்து ஓடாமல் ஒட்டிக்கொள்ளத்தான். கழிவு ஆயில் ஒட்டாது, இரும்புத் துகளோடு பம்பை அடைக்கும், கையில் பட்டால் தோலுக்கும் கேடு. பெட்ரோலில் கலக்க வேண்டிய 2டி ஆயிலையும் கண்ணளவில் ஊற்றுகிறார்கள். 50:1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. மருந்து மூடியே போதும். பார் ஒரே விளிம்பில் தேயாமலிருக்க அவ்வப்போது அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவதும் காசில்லாத வைத்தியம்.

மரத்தில் ஏறுபவரைத் தாங்கும் கயிறு தனி ஆய்வுக்குரியது. இங்கே ஒன்று மட்டும்: ஆள் எடையில் இறுகி நிற்கும் கயிற்றைக் கூரான செயின் தொட்ட மாத்திரத்தில் அறுத்துவிடும். எனவே அறுக்கும்போது இரண்டாவதாக ஒரு கயிறும் கட்டியிருக்க வேண்டும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மரம் கழிக்க ஆள் கூப்பிடும்போது மிஷின் எந்தக் கம்பெனி என்று விசாரிக்காதீர்கள். “அண்ணே, அரம் கொண்டாந்திருக்கீங்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் மரத்தை இன்னொரு நாள் கழித்துக்கொள்ளலாம்.