சந்தேகத்தின் பலன் வண்டுக்கே

எங்கள் வீட்டு மாடியில் நான் பயிரிடுவது கத்திரிக்காய். விளைவது வண்டு.

வேலூரில் குடியிருந்துகொண்டு முள்ளுக்கத்திரி வைக்காமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தக் காய்க்கு இங்கே மரியாதையே தனி. தண்டில் முள், காம்பில் முள், இலை நரம்பில்கூட முள். இத்தனை காவல் போட்ட செடியை எந்தப் பூச்சி நெருங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். முள் குத்துவதெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறவன் கையைத்தான். வண்டு இரண்டு முள்ளுக்கு நடுவில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடுகிறது.

சாப்பிடுவதிலும் ஒரு நாகரிகம். இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும், நரம்பை விட்டுவிடும். அது எழுந்துபோன பிறகு இலையைத் தூக்கிப் பிடித்தால், ஓட்டை வழியாக எதிரே இருக்கும் மலை முழுசாகத் தெரியும்.

ஆசாமியின் பெயர் எபிலாக்னா வண்டு. உருண்டை உடம்பு, செம்பு நிறம், முதுகில் கறுப்புப் புள்ளிகள். ஒரு சிறகுக்கு 14, ஆக மொத்தம் 28. கத்திரி கிடைக்காவிட்டால் உருளைக்கிழங்கு, தக்காளி என்று அதே குடும்பத்துக்குள்ளேயே வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

இதில் சங்கடம் என்னவென்றால், விவசாயிகள் கொண்டாடும் பொறிவண்டும் இதுவும் பங்காளிகள். பொறிவண்டு அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்று செடியைக் காப்பாற்றும். 1888-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கப்பலேறிய ஒரு பொறிவண்டு இனம், செதில் பூச்சியால் அழிந்துகொண்டிருந்த அங்கத்திய ஆரஞ்சுத் தோட்டங்களை மீட்டெடுத்தது. அவ்வளவு பேர் பெற்ற அசைவ வம்சத்தில் ஒரு கிளை மட்டும் சைவத்துக்கு மாறிவிட்டது. சைவத்துக்கு மாறியதால் அடுத்தவர் வயிற்றில் அடித்தவர்கள் அநேகமாக இவர்கள்தான்.

இந்தக் குடும்ப விவகாரத்தில்தான் பெரியப்பா உள்ளே நுழைந்தார். அவர் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்புதான். மனசு இன்னும் பத்தரை மணிக்குக் கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது. நான் ஒரு வண்டைப் பிடித்து நசுக்கப் போனால், “டேய் இரு, ஆள் மாறாட்டம் ஆயிடப் போகுது” என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருவார். பிறகு எண்ணுவார். வண்டு நகரும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.

“இருபத்தாறுதான்டா வருது.”

“ரெண்டு புள்ளி ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும் பெரியப்பா. சிலதுக்குக் கம்மியாவும் இருக்கும். பன்னெண்டு புள்ளியோடவே இதே தொழில் பண்ற ஜாதி ஒண்ணு இருக்கு.”

“அதெல்லாம் ரெக்கார்டுல இல்ல. சந்தேகத்தோட பலனை எதிரிக்குக் குடுக்கணும். விட்டுடு.”

விடுதலையான வண்டு நேராக அடுத்த தொட்டிக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புள்ளிக் கணக்கை நம்பினால் தோட்டம் மிஞ்சாது என்பதால் வேறு அடையாளங்களை அவர் முன் வைத்தேன். நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் பூசியதுபோல் மின்னும். எபிலாக்னாவின் முதுகில் பூனைமுடி இருப்பதால் மங்கலாகத் தெரியும். குட்டிகளைப் பார்த்தால் சந்தேகமே வராது. நல்லவரின் புழு கறுத்து, நீண்டு, அசுவினிக் கூட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கெட்டவரின் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு, இலைக்கு அடியில் அசையாமல் மேய்ந்துகொண்டிருக்கும். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சாட்சியம் பரவாயில்ல” என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

அடுத்தது தண்டனை. வண்டு என்று வாயைத் திறந்தால் போதும், தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

முதல் வைத்தியம் சாம்பல். அதிகாலையில் இலை ஈரமாக இருக்கும்போது தூவினால் ஒட்டிக்கொள்ளும், வண்டுக்கு வாய் வைக்கப் பிடிக்காது. பாட்டி காலத்து வழி, குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டி காலத்தில் வீட்டில் விறகடுப்பு இருந்தது. காஸ் அடுப்பில் சாம்பலுக்கு எங்கே போவது? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு டப்பா கரிச்சாம்பல் வாங்கி வந்தேன். தூவும்போது காற்று இல்லை. தூவி முடித்ததும் வந்தது. கீழ்வீட்டு அக்கா கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டிகளுக்கு அன்றிலிருந்து வண்டுத் தொல்லை இல்லை.

அடுத்தது இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் அரைத்துக் கரைத்துத் தெளிப்பது. அம்மா அம்மி பக்கம் வந்து மோந்து பார்த்தாள். “இதுல ரெண்டு கல்லு உப்பும் துளி புளியும் வச்சா தொவையல்டா. இதைப் போய்ப் பூச்சிக்குக் குடுக்கறியே” என்றாள். அன்று மாடிக்குப் போனது முக்கால் பங்குதான்.

மூன்றாவது வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு என்று இடித்து, துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும். பகலில் அடித்தால் அதன் வீரியத்தை வெயில் தின்றுவிடும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வேம்பு பூச்சியை அடித்துச் சாய்ப்பதில்லை. பசியைக் கெடுக்கிறது, புழுவை வளரவிடாமல் இழுத்தடிக்கிறது. இழுத்தடிப்பது என்றதும் பெரியப்பாவுக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போயிற்று.

இத்தனைக்கும் மேலே ஒரு வழி இருக்கிறது. செலவில்லாதது என்பதால் அதை யாரும் சொல்வதில்லை. மாடித்தோட்டம் என்பது இருபது, முப்பது பைகள். அத்தனை செடிக்கும் நம் கையே போதும்.

எபிலாக்னாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொட்டால் கால்களை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி கீழே விழும். மூட்டுகளிலிருந்து நாற்றமடிக்கும் மஞ்சள் நீரைக் கசியவிட்டு, நடிப்புக்கு வலுச் சேர்க்கும். மண்ணில் விழுந்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. நாம் அலுத்துப்போய் நகர்ந்ததும் எழுந்து மேலே ஏறும். அதனால் விடியற்காலையில், அது சோம்பலாக இருக்கும்போது, சோப்புத் தண்ணீர் உள்ள மக்கை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு இலையை லேசாகத் தட்ட வேண்டும். நடிகர் தானாகவே மக்குக்குள் விழுவார். வெறும் தண்ணீரில் மிதந்து கரையேறிவிடும் வண்டு, சோப்புத் தண்ணீரில் முங்கிவிடும்.

தட்டிய கையோடு இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக, ஒவ்வொன்றும் நெட்டுக்குத்தலாக நிற்கும். கட்டைவிரலால் ஒரு தேய். ஒரு குடும்பத்தின் மூன்று வார மேய்ச்சல் அதோடு முடிந்தது. பக்கத்தில் அசுவினி மொய்த்திருந்தால் மட்டும் கையை எடுத்துவிட வேண்டும். அந்த முட்டை பங்காளியுடையதாக இருக்கலாம். இந்த வேலையை முடித்துவிட்டு அலுவலகம் போனால் விரலெல்லாம் மஞ்சள். “வீட்ல எதாச்சும் விசேஷமா சார்?” என்று கேட்கிறார்கள்.

கையால் பிடிக்கக் கூடாத ஒருவரும் உண்டு. வெண்டைப் பூவையும் செம்பருத்தியையும் மென்றுகொண்டிருக்கும், கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட கொப்புள வண்டு. அதன் உடம்பில் உள்ள கேந்தரிடின் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். அதற்குக் கையுறையோ, நீளக் குச்சியோ வேண்டும். அதன் புழு மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டையைத் தின்று நமக்கு நல்லது செய்கிறது என்பதைப் பெரியப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தண்டனையைக் குறைக்கச் சொல்லுவார்.

ஆடிப்பட்டத்தில் சுரையும் பூசணியும் ஊன்றினால் அடுத்த எதிரி தயார். சிவப்புப் பூசணி வண்டு, செடி இரண்டு வித்திலை விடும்வரைகூடப் பொறுக்காது. மத்தியானம் கையை நீட்டினால் பறந்துவிடும் என்பதால் இதற்கும் விடியற்காலைதான். பாகற்கொடியை மட்டும் பெரும்பாலும் தொடாது. இந்த ஒரு விஷயத்தில் வண்டுக்கும் என் பையனுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கன்று நாலு இலை விடும்வரை வலை போட்டு மூடுவது நல்ல வழி. வீட்டில் இருந்தது ஒரே கொசுவலை. இப்போது சுரைக்கன்று வலைக்குள் நிம்மதியாகத் தூங்குகிறது. நாங்கள் வெளியே கொசு அடித்துக்கொண்டிருக்கிறோம். இந்த வண்டு முட்டையிடுவது மண்ணில், அதன் புழு தின்பது வேரை. அதனால் கொடி முடிந்ததும் பையிலுள்ள மண்ணை மொட்டைமாடியில் கொட்டிப் பரப்பிவிடுவேன். வேலூர் வெயிலால் எனக்கு ஆன ஒரே உபகாரம் அதுதான்.

கடுமையான மருந்து எதையும் அடிக்காமல் விட்டால் கூலி கேட்காத ஆள் ஒருவரும் வருவார். கத்திரி இலைக்கு அடியில் சில புழுக்கள் பழுப்பேறி, விறைத்து, ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நசுக்கக் கூடாது. பீடியோபியஸ் என்ற மிகச் சிறிய குளவி அந்தப் புழுவுக்குள் முட்டையிட்டிருக்கிறது. அதிலிருந்து குளவிகளாகக் கிளம்பும். அமெரிக்காவில் பீன்ஸ் செடியைத் தின்னும் எபிலாக்னா உறவினரை ஒடுக்க, 1966-ல் இந்தியாவிலிருந்துதான் இந்தக் குளவியைக் கொண்டுபோனார்கள். அங்கத்திய குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளாததால் வருஷா வருஷம் புதிதாக வளர்த்து விட வேண்டியிருக்கிறது. அயல்நாட்டில் இத்தனை மதிப்புள்ளவர் நம் மாடிக்குச் சும்மாவே வருகிறார். நாம் மருந்து டப்பாவோடு துரத்தாமல் இருந்தால் போதும்.

இப்படியாக ஒருநாள் நிஜமாகவே காய் காய்த்தது. வேட்டிக் கணக்கைத் தீர்க்க, முதல் பறிப்பில் பாதியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

“என்ன தம்பி, ஒரு ஓட்டைகூட இல்ல? மருந்து அடிச்சிட்டியா?”

காய்க்குள் குடைவது வண்டு இல்லை, அது ஒரு அந்துப்பூச்சியின் புழு என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. சாயங்காலம் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஒரு காயில புழு இருந்துச்சு தம்பி. இப்பதான் மனசு ஆறுச்சு. நாளைக்கும் இருந்தா குடு.”

பின்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது: “அந்தப் புழுவை எறிஞ்சிடாதம்மா. அது வேற கேஸ்.”