பெரிய வினைச்சொல் ஆவது எப்படி?

முன்னேறத் துடிக்கும் சிறு வினைச்சொற்களுக்குச் சில யோசனைகள்

பணக்காரர் ஆவதற்கு வழிகாட்டி இருக்கிறது. தொப்பை குறைக்க, தூக்கம் வர, மாமியாரைச் சமாளிக்க, மாடித்தோட்டம் போட என எல்லாவற்றுக்கும் புத்தகம் வந்துவிட்டது. அகராதியின் மூலையில் ஒற்றைப் பொருளோடு ஒதுங்கிக் கிடக்கும் வினைச்சொற்களுக்கு மட்டும் இதுவரை யாரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

முன்மாதிரி இல்லாமல் முன்னேற்றம் இல்லை. நாம் எடுத்துக்கொள்ளும் முன்மாதிரி ஆங்கிலத்தின் ‘ரன்’. மூன்றே எழுத்து. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2011இல் கணக்கெடுத்தபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். கிரிக்கெட் மைதானத்தில் எண்ணப்படும் பெயர்ச்சொல் ‘ரன்’ இதில் சேராது. அதற்குத் தனிக் கணக்கு. இந்த 645ஐயும் பிரித்து அடுக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. பிரசவத்துக்கு ஆகும் காலம்தான். என்ன, இங்கே பிறந்தவை 645.

இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

1. ஏழை வீட்டில் பிறக்கவும்

பெரிய இடத்துப் பிள்ளையாகப் பிறந்தால் பெரிய ஆளாகலாம் என்பது மனிதர்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். ஆங்கில வினைச்சொற்களுக்கு நேர் எதிர். லத்தீன் குலத்தில் உதித்த ‘பெராம்புலேட்’டைப் பாருங்கள். சுற்றி நடப்பது, உலாவுவது என்று பொருள். ஐந்தெழுத்துச் சொல்லோடு கைகுலுக்கக்கூட யோசிக்கும் கம்பீரம். கடைசியில் என்ன ஆயிற்று? அதன் வாரிசான ‘பெராம்புலேட்டர்’ குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்குப் பெயரானது. அதையும் முழுதாகச் சொல்லப் பொறுமையில்லாமல் பிரிட்டிஷ்காரர்கள் ‘பிராம்’ என்று நறுக்கிவிட்டார்கள்.

‘ரன்’னோ வயலிலும் தொழுவத்திலும் புழங்கிய பழைய ஆங்கிலக் குடும்பம். அதன் சகாக்களான ‘கோ’, ‘செட்’, ‘மேக்’ எல்லாமே அந்த வகைதான். தினக்கூலிக்குப் போகிறவனைத்தான் எந்த வேலைக்கும் கூப்பிடுவார்கள். பட்டுவேட்டி கட்டியவனை விசேஷத்துக்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள்.

2. முகத்தை மாற்றிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள்

‘ரன்’னின் பழைய பெயர் ‘ரின்னன்’. அதிலும் நிலையாக இருந்ததில்லை. முன்னால் இருந்த ‘ர்’ பின்னால் போய் உட்கார, ‘இர்னன்’ என்றும் வழங்கியது. இதில் அசிங்கம் ஒன்றுமில்லை. மதுரை பல வாய்களில் மருதை ஆகிறது. தசை சதையானதற்கும் சிவிறி விசிறியானதற்கும் நம் இலக்கணக்காரர்கள் போலி என்று பெயர் வைத்து ஆசீர்வதித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘பேர்ட்’ என்னும் பறவைகூட ஒருகாலத்தில் ‘பிரிட்’டாகத்தான் பறந்துகொண்டிருந்தது.

பிறகு கப்பலேறி வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறினார்கள். அவர்கள் மொழியிலும் ‘ரின்னா’ என்று ஒரு பங்காளி இருந்தது. வந்தவனின் பேச்சும் இருந்தவனின் பேச்சும் கலந்ததில் ‘ர்’ மறுபடி முன்னுக்கு வந்து நிலைத்தது. பாடம் இதுதான்: படையெடுப்பு வரும்போது மார்பை நிமிர்த்தி நிற்காதீர்கள். வந்தவன் உங்களை எப்படிக் கூப்பிடுகிறானோ அதுவே உங்கள் பெயர்.

3. உறவினர் சொத்தை விழுங்கவும்

இது கொஞ்சம் கல்நெஞ்சம் தேவைப்படும் படி. தமிழில் ‘ஓடு’ என்றால் தானே ஓடுவது, ‘ஓட்டு’ என்றால் இன்னொன்றை ஓடவைப்பது. தன்வினைக்கு ஒரு வீடு, பிறவினைக்கு ஒரு வீடு. பழைய ஆங்கிலத்திலும் இப்படித்தான் இருந்தது. ஓடுவதற்கு ‘ரின்னன்’, ஓட்டுவதற்கு ‘ஏர்னன்’. ஜெர்மானியர்கள் இன்றும் ‘ரின்னென்’, ‘ரென்னென்’ என்று இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். முன்னது ஒழுகும், பின்னது ஓடும்.

ஆங்கிலத்தில் நடந்தது வேறு. தம்பி அண்ணனின் வீட்டையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டான். அதனால்தான் அங்கே பையனும் ‘ரன்’ செய்கிறான், அவன் அப்பா ஒரு ஹோட்டலையும் ‘ரன்’ செய்கிறார். ஓட்டப்பந்தயம் முதல் ஓட்டல் தொழில் வரை ஒரே சொல்லின் கீழ் வந்துவிட்டது. ஒரே நாளில் வருமானம் இரட்டிப்பு.

உறவு இல்லாவிட்டாலும் கவலையில்லை, திருடலாம். ‘கோ’வுக்குச் சொந்தமாக ஓர் இறந்தகாலம் இருந்தது. அது பழுதானதும், ‘வெண்ட்’ என்ற அப்பாவி வினையின் இறந்தகாலமான ‘வென்ட்’டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. பறிகொடுத்த ‘வெண்ட்’ தனக்கு ‘வெண்டட்’ என்று புதிதாக ஒன்று தைத்துக்கொண்டு, ஊர் ஓரமாக இன்றும் நடமாடுகிறது. போலீசில் புகார் எதுவும் பதிவாகவில்லை.

4. காலை மட்டும் நம்பாதீர்கள்

‘நான் ஓட்டக்காரன், கால் உள்ளவர்களிடம் மட்டுமே வேலை செய்வேன்’ என்று ‘ரன்’ ஒருநாளும் சொன்னதில்லை. ஆரம்பத்திலேயே அது ஓடவும் செய்தது, வழியவும் செய்தது. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஓர் ஆதி அசைவிலிருந்து வந்ததால், ஐரோப்பாவின் ரைன் ஆற்றின் பெயருக்கும் இதற்கும் ஒரே வேர் என்று சொற்பிறப்பு ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ஆறு, குழாய், மூக்கு, துவைத்ததும் பிரியும் சாயம் என்று ஈரம் உள்ள இடமெல்லாம் ‘ரன்’ போய்விட்டது. ஈரம் தேவைப்படாத இடங்களையும் விடவில்லை. சாலை ஊர்களுக்கு நடுவே அசையாமல் கிடந்தபடியே ‘ரன்’ செய்கிறது. மூன்று வருட ஒப்பந்தம் பீரோவுக்குள் இருந்தபடியே ‘ரன்’ செய்கிறது. பிடிவாதம் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக ‘ரன்’ செய்கிறது.

முரண்பாடு கண்டு பயந்தால் முன்னேற முடியாது. பழைய பேச்சில் பால் திரிந்து கட்டியாவதற்கும் இதே சொல்தான். பாலாடைக்கட்டி செய்யச் சேர்க்கும் ‘ரென்னெட்’ என்னும் உறைபொருளின் பெயரும் அந்த வழியில் வந்ததே. ஓடுவதும் நான், உறைவதும் நான் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லும் துணிச்சல் உங்களுக்கு உண்டா?

5. இயந்திரம் வரும்போது வாசலிலேயே நிற்கவும்

நாலுகால் பாய்ச்சலுக்கு ‘கேலப்’ என்று அழகான வினை உண்டு. குதிரையே போதும் என்று அது இருந்துவிட்டது. ரயில் வந்தபோது அது லாயத்துக்குள் இருந்தது. ‘ரன்’ பிளாட்ஃபாரத்தில் நின்றது. ரயில் ‘ரன்’ ஆனது, ஆலை ‘ரன்’ ஆனது, மோட்டார் ‘ரன்’ ஆனது. நின்ற இடத்திலேயே சுழலும் சக்கரத்துக்கும் ஓடுவது என்றே பேர். கம்ப்யூட்டர் வந்ததும் அதற்குள் இருக்கும் நிரலும் ‘ரன்’ ஆனது. நிரலுக்குக் கால் இல்லை, சக்கரம் இல்லை, ஈரமும் இல்லை. ஆனாலும் வேலை கிடைத்துவிட்டது.

நம் ‘ஓடு’ம் இந்த விஷயத்தில் சளைத்ததல்ல. ஃபேன் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, சீரியல் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனசுக்குள் ஏதேதோ ஓடுகிறது, திரும்பிப் பார்ப்பதற்குள் பத்து வருடம் ஓடிவிடுகிறது. மாதக் கடைசியில் குடும்பத்தை ஓட்டுகிறோம். நண்பன் சிக்கினால் அவனையும் ஓட்டுகிறோம்.

6. சின்னப் பையன்களைக் கூட வைத்துக்கொள்ளவும்

தலைவர் என்றால் நாலு பேர் கூட வரவேண்டும். ‘அவுட்’, ‘ஓவர்’, ‘இன்டு’, ‘டௌன்’, ‘அப்’, ‘அவே’ என்று ஆங்கிலத் தெருவில் வேலையில்லாமல் சுற்றும் பொடிச்சொற்கள் ஏராளம். ‘ரன்’ அவற்றுக்குத் தோளில் கைபோட்டது. சமையலறையில் பால் தீர்ந்தால் ‘ரன் அவுட்’. கிரீசுக்குள் மட்டை போய்ச் சேராவிட்டாலும் ‘ரன் அவுட்’. வண்டி யார் மேலாவது ஏறினால் ‘ரன் ஓவர்’. கடனை ஏற்றிக்கொண்டே போனால் ‘ரன் அப்’. வீட்டுக்குத் தெரியாமல் கம்பி நீட்டினால் ‘ரன் அவே’. இதில் மட்டும் தமிழ் ‘ஓடிப்போவது’ம் ஆங்கிலமும் பேசிவைத்துக்கொண்டதுபோல் ஒத்துப்போகின்றன. ‘ரன் இன்டு’வில் எச்சரிக்கை தேவை. பழைய நண்பனாக இருந்தால் காபியில் முடியும், விளக்குக் கம்பமாக இருந்தால் கட்டில் முடியும்.

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்வது இந்தப் படியில்தான். அவர்கள் கண்ணீரைப் பார்த்து இரங்கிவிடாதீர்கள். பெரிய இடத்தில் இதெல்லாம் சகஜம்.

7. அரசியலில் இறங்கவும்

அமெரிக்காவில் தேர்தல் வந்தால் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் அதே வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். அங்கே ஓடுகிறார், இங்கே நிற்கிறார். தமிழ்நாட்டில் நாம் பிரிட்டன் கட்சி. ‘அவர் எந்தத் தொகுதியில் நிற்கிறார்?’ என்றுதான் கேட்போம். ஓடுகிறவரும் நிற்கிறவரும் கடைசியில் கைகூப்பிக் கேட்பது மட்டும் ஒன்றே: ஓட்டு.

பொருளாதாரத்தையும் விடவேண்டாம். போட்ட பணத்தை எடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் வங்கி வாசலில் முண்டியடித்தால், அந்த நெரிசலுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான். வரிசையில் ஓர் அடி நகர ஒரு மணி நேரம் ஆகலாம், பெயர் அதுவே.

8. பதிவு அலுவலகத்தோடு சுமுகமாக இருக்கவும்

எத்தனை பொருள் இருந்தாலும் பதிவில் இல்லாதது பொருளல்ல. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் சிபாரிசு செல்லாது. அச்சில் வந்த வாக்கியங்கள்தான் சாட்சி. ஜேம்ஸ் மர்ரே 1879இல் அகராதியின் ஆசிரியராகப் பொறுப்பேற்றபோது பத்து வருடத்தில் முடிக்கலாம் என்று பேச்சு. வாசகர்கள் துண்டுச்சீட்டுகளில் வாக்கியங்களை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1884இல், முதல் பகுதி வெளிவந்தது. அப்போது அகராதி ‘ஏ’யில் தொடங்கி ‘ஆன்ட்’ வரை வந்திருந்தது. எறும்பு வரை என்றால் எறும்பு வேகம்தான். முழு வேலையும் முடிந்தது 1928இல். மர்ரே அதைப் பார்க்க இல்லை, 1915லேயே காலமாகிவிட்டார்.

பதவிக்குப் போட்டி உண்டு என்பதையும் மறக்கவேண்டாம். 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் ‘டேக்’ 134 பொருளோடு பல பக்கங்களுக்குக் கால் நீட்டிப் படுத்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ 430 பொருளோடு சிம்மாசனத்தில் இருந்தது. அதன் பிறகு திருத்திய பதிப்புக்கான வேலையை ‘ஏ’யிலிருந்து தொடங்காமல் ‘எம்’மிலிருந்து தொடங்கினார்கள். உடனே 2000இல் ‘மேக்’ மேலே வந்தது. 2007இல் ‘புட்’ அதைத் தள்ளியது. 2011இல் ‘ரன்’ எல்லாரையும் தாண்டியது. ‘செட்’ தரப்பு வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால், என் கட்சிக்காரரை 1989இன் முழக்கோலால் அளந்துவிட்டு எதிராளியை 2011இன் முழக்கோலால் அளந்தது எந்த ஊர் நியாயம் என்று கேட்பார். மறு எண்ணிக்கை கோர எல்லா முகாந்திரமும் உண்டு.

பக்க விளைவுகள்

எந்த மருந்துக்கும் உள்ளதுபோல் இதற்கும் உண்டு. மேலே சொன்ன எட்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால், உங்களுக்கென்று சொந்தமாக எதுவும் மிஞ்சாது. முதல் படியில் கௌரவம் போகும், இரண்டாவதில் முகம் போகும், நான்காவதில் கொள்கை போகும். எல்லாருக்கும் வேண்டியவராக இருப்பவர் எந்த வீட்டிலும் தனியாகப் பேசமுடியாது. ‘ரன்’ என்ன சொல்கிறது என்பதை அதன் இடப்பக்கத்துச் சொல்லும் வலப்பக்கத்துச் சொல்லும்தான் முடிவுசெய்கின்றன. 645 பொருள் என்பது பட்டம்போல் ஒலித்தாலும், அது பக்கத்துச் சொற்களுக்குப் பட்ட கடன்.

ஆகவே, உங்களில் யாராவது ‘ஸ்னீஸ்’ போல ஒரே வேலையோடு காலம் தள்ளுகிறவராக இருந்தால் அவசரப்பட்டு ராஜினாமா எழுதவேண்டாம். அதுவும் சாதாரணப் பிறவி அல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ன்’ என்ற ஒலியோடு தொடங்கிய சொல் அது. அந்த முன்னொலி வழக்கொழிந்தபோது ‘ஸ்ன்’ என்று மாற்றிக்கொண்டு பிழைத்தது. எழுத்தை மாற்றியது, தொழிலை மாற்றவில்லை. அன்றும் தும்மல், இன்றும் தும்மல்.

இரண்டு சொற்களையும் ஒரு டாக்டரிடம் அனுப்பிப் பாருங்கள். ‘ஸ்னீஸ்’ வாயைத் திறந்த உடனே அவர் மருந்துச் சீட்டை எடுத்துவிடுவார். ‘ரன்’ வந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டு, ஓடுவது மூக்கா, ஏறுவது ஜுரமா, போவது வயிறா என்று விசாரிக்க ஆரம்பிப்பார். மீதி 642 பொருள்களையும் கேட்டு முடிப்பதற்குள் கிளினிக் பூட்டும் நேரம் வந்துவிடும்.