மண்டிக்காரர் மலையேறுகிறார்

திருச்சி காந்தி மார்க்கெட் மண்டிக்காரருக்கு ராத்திரிதான் பகல். லோடு இறங்குவது நடுச்சாமம், ஏலம் விடிகாலை, தூக்கம் மத்தியானம். ஆகவே அவர் குடும்பத்தோடு லடாக் கிளம்புவதும் நடுச்சாமத்தில்தான். மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு முதல் நாளே சிதறுகாய் போட்டாகிவிட்டது.

லடாக் என்றதும் விமானம், ஓட்டல் என்று நினைப்பவர்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. இவர் போவது பொலீரோவில். பின்னால் ஒரு ட்ரெய்லர். துவாக்குடிப் பக்கம் பெல் கம்பெனிக்கு வேலை எடுக்கும் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது. பாய்லருக்குப் பற்றவைத்துப் பழகிய கை, ட்ரெய்லரையும் பாய்லராகவே நினைத்துவிட்டது. காலியாக இழுக்கும்போதே வண்டி முனகும். இவரா காலியாக இழுப்பார்? பொன்னி அரிசி ஒரு சிப்பம், பெரம்பலூர் சின்ன வெங்காயம், புளி, மணப்பாறை முறுக்கு டின், இட்லிப் பானை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எலெக்ட்ரானிக் தராசு.

"என்னங்க, தராசு எதுக்கு?"

"இருக்கட்டும்."

தராசு இல்லாமல் வெளியூர் போவது அவருக்குச் சட்டை போடாமல் போவது மாதிரி.

சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா. இந்தத் தூரத்தைப் பற்றிச் சொல்ல அவரிடம் எதுவும் கிடையாது, வழியெல்லாம் போனில் இருந்தார். மணாலி தாண்டி 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்துக்குள் சிக்னல் போனபோதுதான் பிள்ளைகளின் முகத்தை முழுசாகப் பார்த்தார். சின்னவனுக்கு மீசை அரும்பியிருந்தது.

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் லாஹூல். சுற்றிலும் பனி மலை. மற்றவர்கள் மேலே பார்த்தார்கள், இவர் கீழே பார்த்தார். லாஹூல் விதை உருளைக்கிழங்குக்கும் பட்டாணிக்கும் பேர்போன பள்ளத்தாக்கு. வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். வயலில் நின்ற பெண்ணிடம் தெரிந்த நாலு இந்திச் சொற்களில் விலை கேட்டார். ஒரு கிழங்கை எடுத்து, கட்டை விரல் நகத்தால் தோலைக் கீறி, மூக்கருகே கொண்டுபோய், "ஊட்டிக் கிழங்கு மாதிரிதான், ஈரம் கம்மி" என்று தீர்ப்பு சொன்னார். தராசு இறங்கியது. மகள் செல்ஃபி எடுத்து முடிப்பதற்குள் பத்துக் கிலோ ட்ரெய்லரில் ஏறிவிட்டது.

தாண்டி என்ற ஊரில் டீசல் போட்டார்கள். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று நெடுங்காலமாக அங்கே ஒரு பலகை உண்டு. படித்ததும் மண்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "அடுத்த கடை 365 கிலோமீட்டர்! இவன்தான்யா முதலாளி."

அடுத்து சார்ச்சு, 14,000 அடி உயரம். அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி வரும், சோறு வேகாது. குக்கரைக் கொண்டுவந்திருக்க வேண்டும். தராசு வந்தது, குக்கர் வரவில்லை. அரிசி பானையில் ஒரு மணி நேரம் துள்ளியும் நறுக்கென்று நின்றது. அப்பாயி ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு, "எந்த மண்டி அரிசிடா இது?" என்றார். குளிரைத் தாங்கியவர் இதைத்தான் தாங்கவில்லை.

காட்டா லூப்ஸில் 21 கொண்டை ஊசி வளைவு. "நம்ம கொல்லிமலையில 70" என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னார். சொல்லிக்கொண்டிருந்தபோதே எதிரே ஒரு எண்ணெய் டேங்கர். பின்னால் எடுக்க வேண்டும். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது தனி வித்தை, ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் அது இடது பக்கம் போகும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. டிரைவருக்கு வியர்த்துவிட்டது. முதலாளி இறங்கி, துண்டைத் தலையில் கட்டி, ட்ரெய்லரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். "வா வா வா… ஒடிச்சு வா… இன்னும் ஒடி… சேத்து வா… ஹோல்டான்!" அந்தக் குரலுக்கு டேங்கரும் சேர்ந்து நின்றது. மூன்று லாரி ஒரே சந்தில் மூக்கை நுழைக்கும் மார்க்கெட்டில் வளர்ந்த தொண்டை அல்லவா! பிறகு காற்றுப் போதாமல் பாறைமேல் உட்கார்ந்து கால் மணி நேரம் மூச்சு வாங்கியது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் கள்ளிக்குடிக்கு நகர்த்த முடியவில்லை. மதுரை ரோட்டில், ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், 2017-ல் அரசாங்கம் மண்டிகளுக்கென்று கடை கட்டித் திறந்து கூப்பிட்டது. "அவ்வளவு தூரம் யார் வருவா?" என்றார். 2020 கொரோனாவில் மார்க்கெட்டை மூடியபோது பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போனார், பழைய இடம் திறந்ததும் திரும்பிவிட்டார்.

கேலி செய்யலாம், ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லடாக்குக்கு அவர் மட்டும் போனால் போதும். மார்க்கெட் நகர வேண்டுமானால் லோடுமேன், டீக்கடை, நாள் வட்டிக்காரர், கட்டைப் பையோடு வரும் சில்லறைக் கடைக்காரர் என அத்தனை பேரும் கூடவே நகர வேண்டும். இப்போது பஞ்சப்பூரில் இன்னொரு மார்க்கெட் என்கிறார்கள். கட்டுகிறவர்கள் பஸ் வசதி, பார்க்கிங் எல்லாம் பார்க்கட்டும். கூடவே, ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிற அளவுக்குக் கொஞ்சம் இடமும் விடட்டும்.