லினக்ஸ் கற்பார்தம் மெய்ப்பாட்டியல்

பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணினிப் பிரிவில் 'ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப்' என்று ஒன்று வரும். பிறந்ததிலிருந்து விண்டோஸ் தவிர வேறறியாத பிள்ளையை அங்கே உபுண்டு லினக்ஸ் ஓடும் கணினிமுன் உட்கார வைத்துவிடுவார்கள். அப்போது அவருக்கு உண்டாகும் உடல், உள மாறுதல்களைத் தமிழ் ஆய்வுலகம் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றும் பிறக்கும் களன் நந்நான்கு என்று தொல்காப்பியர் வகுத்துவைத்திருக்கிறார். அந்த முப்பத்திரண்டும் லேபுக்குப் போதுமா என்பதே நம் ஆய்வுச் சிக்கல்.

மருட்கை, அதாவது வியப்பு, சிறுமையாலும் பிறக்கும் என்கிறது நூல். சின்னதைப் பார்த்து யார் வியப்பார் என்போர் எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம் ஆகிய கட்டளைகளைக் காண்க. எல்லாம் ஈரெழுத்து. 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் டெலிடைப்தான் கதி. விசையை அழுத்திக் குத்த வேண்டும். அதுவும் ஆற அமரத்தான் அச்சடிக்கும். விரல் நோகாதிருக்கச் சுருக்கிய அக்கட்டளைகளுக்குத்தான் நம் மாணவர் ரெக்கார்டு நோட்டில் விரல் நோக விளக்கம் எழுதுகிறார்.

அழுகைக்கு இழவு ஒரு களன். ஆர்எம் போட்டால் கோப்பு போயே போச்சு. குப்பைத்தொட்டியில் தேடியெடுக்கலாம் என்ற பேச்சே இல்லை. இதற்குமேல் உரை வேண்டியதில்லை.

அச்சந்தான் விரிவாகப் பார்க்கத்தக்கது. அதன் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை. விலங்கு வகையில் லேபில் மவுஸ் மட்டும் உண்டு. டெர்மினலில் அதற்கு அதிகம் வேலையில்லை. இறை என்பது எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் என்று கொள்க. கள்வர்? டெர்மினலில் கடவுச்சொல்லைத் தட்டும்போது பெரும்பாலும் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. தோளுக்குப் பின்னால் நிற்பவன் எத்தனை எழுத்து என்று எண்ணிவிடக் கூடாதாம். மாணவரோ கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டி லேப் அசிஸ்டண்டைக் கூப்பிடுகிறார்.

எஞ்சியது அணங்கு. வி.ஐ. என்னும் எடிட்டரின் பழைய பதிப்பில் நிரல் எழுதும் மாணவர், விண்டோஸ் பழக்கத்தில் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்துகிறார். திரை உறைந்துபோகிறது. எதைத் தட்டினாலும் அசைவில்லை. அது 'சேமி' அல்ல, 'நிறுத்து'. டெலிடைப் காலத்தில் எதிர்முனையைச் சற்றுப் பொறுக்கச் சொன்ன குறி. அந்த இயந்திரங்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன, குறி மட்டும் போகவில்லை. இதற்குச் சீனியர்கள் என்னும் உரையாசிரியர்கள் இருவகைத் தீர்வு சொல்வர். சுவிட்சை அணை என்பார் ஒருசாரார். கண்ட்ரோல் க்யூ என்பார் மற்றவர். பின்னவர் கூற்றே சரி, ஆனால் பின்விளைவு உண்டு. உறைந்திருந்த நேரத்தில் பதற்றத்தில் குத்தியதெல்லாம் உள்ளே போயிருக்கும். விடுபட்டதும் நிரல் அடையாளம் தெரியாமல் வந்து நிற்கும்.

பெருமிதத்தின் களன்களாவன கல்வி, தறுகண், புகழ், கொடை. வி.ஐ.யை விட்டு வெளியேறத் தெரிந்தவருக்கு நான்கும் ஒருசேரக் கிட்டும். அதன் வழிவந்த விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருந்தார்கள் என்றால் அந்தக் கல்வியின் அருமை விளங்கும். கற்றவர் பக்கத்து நாற்காலிக்கும் அதை வாரி வழங்குவார்: "எஸ்கேப் தட்டு மச்சான், அப்புறம் கோலன், டபிள்யூ, க்யூ, என்டர்."

பக்கத்து நாற்காலி எஸ்கேப்பை விட்டுவிட்டது. மீதி மூன்றும் நிரலின் கடைசி வரியாய் உட்கார்ந்து, அப்படியே ரெக்கார்டு நோட்டில் ஏறி, மறுவாரம் ஆசிரியரின் பச்சைமைக் கையெழுத்தையும் வாங்கிவிட்டன.