டோபி காட்டில் டிம்பனியை வெளுத்துக்கட்டுவது எப்படி?

சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தில் மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற நீண்ட நடை. அந்த நடைக்குள் ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரையின் தரத்தைக் கைப்பேசியிலேயே ஆய்ந்து தீர்ப்பும் எழுதிவிடலாம். நீங்கள் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறீர்கள். அதையே முறைப்படி செய்யக் கற்றுத்தருவதுதான் என் வேலை.

பாடத்துக்கு டிம்பனியை எடுத்துக்கொள்வோம். சிம்பொனி வாத்தியக் குழுவின் பின்வரிசையில் செப்பு அண்டாக்களைப்போல நாலைந்து மேளங்கள் நிற்குமே, அவைதான். இடமும் பொருத்தமான இடம். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளிகள் பிராஸ் பசா ஓடையில் துணி அலசியதால் வந்த பெயர் டோபி காட். ஓடை கால்வாயாகிவிட்டது. துணியும் போய்விட்டது. அலசல் மட்டும் பாக்கி.

1. முதலில் இடம் பிடியுங்கள். உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து ‘சோப்’ பண்ணுகிறோம் அல்லவா? அதேபோலக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ‘ஆய்வு நடைபெறுகிறது’ என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சாப்பாடு வாங்கிவர மூன்று மாதமானாலும் அந்த மேசையில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதியைக் கொடுக்க ஓர் ஆய்வாளர் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருப்பது கட்டுரையின் தலையெழுத்து.

2. படிக்காதீர்கள், எண்ணுங்கள். அந்தத் தகுதிக்கு ஆறு அளவுகோல்கள் உண்டு: நடை, சான்று, விரிவு, நடுநிலை, நிலைத்தன்மை, படங்கள். இவற்றில் படிக்காமலே முடிவு சொல்லக்கூடியது படம். அங்கிருந்து தொடங்குங்கள்.

3. படத்தின் விளக்கத்தைத் திருத்துங்கள். வாத்தியக்காரர் மேளத்தின்மீது கவிழ்ந்து, தோலோடு காதை ஒட்டிக்கொண்டு நிற்பார். ‘கலைஞர் ஓய்வெடுக்கிறார்’ என்று எழுதுங்கள்.

உண்மையில் அவர் செய்துகொண்டிருப்பது அந்தக் குழுவிலேயே மிகச் சங்கடமான வேலை. டிம்பனிக்குத் திட்டமான சுருதி உண்டு. தோலை இறுக்கினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். நம் மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன்னால் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். இவரோ பாட்டின் நடுவிலேயே சுருதியை மாற்றியாக வேண்டும். சுற்றிலும் பிடிலும் எக்காளமும் முழங்கிக்கொண்டிருக்க, காலால் மிதியை நகர்த்தி, விரல் நுனியால் தோலைத் தொட்டு, தனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு தட்டு தட்டி, அடுத்த சுரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். டிம்பனியைப் பற்றிய கட்டுரையில் ஒரே ஒரு பத்திதான் இருக்கலாம் என்றால் அது இதைப் பற்றியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால்? உங்கள் அளவுகோலில் அதற்குக் கோடு இல்லை. மேலே போங்கள்.

4. பெயருக்காகச் சண்டை போடுங்கள். டிம்பனியா, டிம்பானியா, திம்பனியா? இதற்கு நாற்பது பதிவுகள் தாங்கும். ஆங்கிலத்தில் இதற்குக் கெட்டில் டிரம் என்றும் பெயர். ‘கெண்டி மேளம்’ என்று மொழிபெயர்த்து, வாசகரைத் தேநீர்க் கடைக்கு அனுப்பிவையுங்கள்.

5. உண்மையான வரிகளுக்கெல்லாம் ‘சான்று தேவை’ என்று முத்திரை குத்துங்கள். 1824இல் அரங்கேறிய ஒன்பதாவது சிம்பொனியில் பேத்தோவன் இரண்டு டிம்பனிகளை ஒரு ஸ்தாயி இடைவெளியில் சுருதி சேர்க்கச் செய்தார். குத்துங்கள். 1837இல் பெர்லியோஸ் தம் இரங்கல் இசைக்குப் 16 டிம்பனிகள் கேட்டார். 16ஆ? இரண்டு முறை குத்துங்கள். ‘டிம்பனிக்குச் சுருதி கிடையாது’ என்று ஒரு வரி வந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். தப்புதான், ஆனால் அதற்கு மூன்று அடிக்குறிப்புகள் இருக்கின்றன. மூன்றும் இதே கட்டுரையின் பழைய பதிப்பைப் பார்த்து எழுதப்பட்டவை என்பது அடுத்த ஆய்வாளரின் கவலை.

6. யாரையும் கேட்காதீர்கள். நிலையத்தைவிட்டு மேலேறினால் கலைப்பள்ளி இருக்கிறது. அங்கே இசை படிக்கும் பிள்ளை ஒன்று அரை நிமிடத்தில் உங்களைத் திருத்திவிடும்.

7. வரலாற்றுப் பகுதியில் எங்காவது ‘முரசு’ என்று நுழையுங்கள். அரபு நாடுகளின் நக்காரா மேளம் ஐரோப்பாவுக்குப் போய், அந்த வழியில் டிம்பனி வளர்ந்தது. அதே நக்காராதான் இந்தப் பக்கம் வந்து நம் கோயில்களிலும் தர்காக்களிலும் நகராவாக முழங்குகிறது. இந்த உறவே போதிய அளவு ருசியானது, ஆனால் உங்களுக்குப் போதாது. ‘பண்டைத் தமிழர் முரசே டிம்பனி’ என்று ஒரு போடு போடுங்கள். சான்று கேட்டால், 1935இலிருந்து இந்த ஊரில் ‘தமிழ் முரசு’ நாளிதழ் வருகிறதே என்று சொல்லுங்கள்.

8. முரசு என்றதும் புலவர் மோசிகீரனார் நினைவுக்கு வர வேண்டும். அவரே நம் தொழிலுக்கு முன்னோடி. சேரமன்னனின் முரசுகட்டிலில் படுத்துத் தூங்கியவர். வெட்டிப்போட வேண்டிய குற்றம். மன்னனோ விசிறி எடுத்து வீசினான். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அப்போது கட்டிலில் முரசு இல்லை, நீராட்டக் கொண்டுபோயிருந்தார்கள். மெத்தை மட்டும் இருந்தது. புலவராவது களைப்பில், தெரியாமல் படுத்தார். நீங்கள் மேளம் இல்லாத மெத்தையைத் தேடிப் படுப்பவர். உங்களுக்கும் யாராவது விசிறுவார்கள், ‘சிறந்த பங்களிப்பாளர்’ என்று ஒரு பதக்கப் படமாவது ஒட்டுவார்கள்.

9. தீர்ப்பு எழுதுங்கள்: ‘நன்று. சில காற்புள்ளிகள் தவிர.’

ஒரே ஓர் எச்சரிக்கை. வட்டப் பாதை ரயிலில் ஏறியிருந்தால் வழியில் எஸ்பிளனேட் வரும். 2002இல் திறந்த அந்தக் கலையரங்கில் சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு வாசிக்கிறது. கதவு திறக்கும்போது கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிவிடாதீர்கள். டோபி காட்டிலிருந்து இரண்டாவது நிறுத்தம்.