ஒரே நாளில் கம்பத்திலும்

2004, 2005 வாக்கில் கம்பத்திலோ சின்னமனூரிலோ பள்ளியில் படித்த பையன்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஜிடிஏ வைஸ் சிட்டி கேம்தான் எங்களுக்குப் பெரிய ரிலீஸ். மெயின் ரோட்டு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர்தான் அதற்குத் தியேட்டர். பிளைவுட் தடுப்பு வைத்த கேபின்கள், முதுகு பெருத்த மானிட்டர்கள், எழுத்து அழிந்துபோன கீபோர்டுகள், வாசல் மேசையில் பேரும் நேரமும் எழுதுகிற நீள நோட்டு. மணிக்கு இருபது ரூபாய். இரண்டு பேராகப் போனால் ஆளுக்குப் பத்து. பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த அக்காமார்களுக்கும் வேலைக்கு மனுப் போட வந்த அண்ணன்களுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, மயாமியைப் போல வரைந்த ஓர் ஊரில் நாங்கள் கார் ஓட்டினோம்.

மானிட்டர் மேல் ஒரு அட்டைத் துண்டு ஒட்டியிருக்கும். அதில் பேனாவால் எழுதிய சீட் கோடுகள். பேன்சர் என்று தட்டினால் வானத்திலிருந்து விழுந்த மாதிரி ஒரு டாங்கி வந்து நிற்கும். ஆஸ்பிரின் என்று தட்டினால் உயிர் நிரம்பும். போலீஸ் சுற்றி வளைத்தால் லீவ் மீ அலோன். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வராதவனுக்கும் இந்த மூன்றும் எழுத்துப் பிசகாமல் வரும். எல்லோரையும் நிறுத்தி வைத்தது அந்த பொம்மை ஹெலிகாப்டர் மிஷன்தான். கட்டி முடிக்காத கட்டடத்துக்குள் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு மாடி மாடியாக நாலு குண்டு வைக்க வேண்டும். இடது கை ஏற்றி இறக்கும், வலது கை நம்பர் பேடில் திருப்பும். கேபின் கேபினாகக் குரல் கேட்கும்: “அண்ணே, நம்பர் லாக் எரியலண்ணே, சிஸ்டத்த மாத்திக் குடுங்கண்ணே!” மூன்றாவது குண்டை வைத்துவிட்டு வெளியே வரும்போது கரண்டு போகும். யுபிஎஸ் கத்தும். வீட்டுக்கு வண்டியை ஓட்டிப்போய்ச் சேவ் செய்யும் அளவுக்கு அதற்குத் தெம்பு இருக்காது.

எங்கள் கைக்கு வந்தபோது அது பழைய சரக்கு. 2002 அக்டோபரிலேயே பிளேஸ்டேஷன் 2-இல் வந்துவிட்டது. பிசிக்கு வந்தது 2003 மே மாதம். அதற்கும் பிறகு, நகல் எடுத்த சிடி மதுரை வழியாக எங்கள் ஊர் வந்து சேர வேண்டும். அடுத்து வந்த சான் ஆண்ட்ரியாஸும் அப்படித்தான்: 2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன், 2005 ஜூனில் பிசி. இந்த இடைவெளி எங்களுக்கு வலிக்கவில்லை. பிளேஸ்டேஷன் என்ற பொருளை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இல்லாத வீட்டு விருந்தை நினைத்து யார் ஏங்குவார்கள்?

தவிர, காத்திருப்பது கம்பம் பள்ளத்தாக்குக்குப் பழகிப்போன சமாச்சாரம். அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் படமானாலும், பண்ணைப்புரத்து இளையராஜா பாட்டுப் போட்ட படமானாலும், பெரிய ஊர்களில் ஓடிக் களைத்த பிறகுதான் எங்கள் சின்னக் கொட்டகைகளுக்கு வரும். பிரிண்ட் போடச் செலவு அதிகம், அதனால் எண்ணித்தான் போடுவார்கள். மதுரையில் ஓடிய பெட்டி அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று பஸ்ஸில் ஏறி இறங்கி வரும். “பெட்டி வந்துருச்சா?” என்று கொட்டகை வாசலில் கேட்பார்கள். வந்து சேரும்போது திரையில் மழை பெய்துகொண்டிருக்கும், பாட்டில் பாதி வரி வெட்டுப்பட்டிருக்கும். கதையும் மிஞ்சியிருக்காது. மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து கிளைமாக்ஸ் வரைக்கும் சொல்லி முடித்திருப்பார்.

அந்தக் காத்திருப்புக்கு ஒரு நியாயம் இருந்தது. படம் என்பது கனமான ஒரு பொருள், அதைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். 2000-களின் நடுவில் சென்னை ரியல் இமேஜ் நிறுவனத்தின் கியூப் போன்ற டிஜிட்டல் முறைகள் வந்தன. பெட்டி போயிற்று. இன்று சென்னையில் காலை 9 மணிக்கு முதல் காட்சி என்றால் கம்பத்திலும் 9 மணிக்கு முதல் காட்சிதான். மாலை, பட்டாசு, பால் எல்லாம் அதே நேரத்தில். முதல் நாளே எங்கள் ஊருக்குப் படம் வந்ததால் எந்தத் தயாரிப்பாளரும் கெட்டுப்போகவில்லை. திருட்டு விசிடி விற்றவன்தான் கெட்டான். தியேட்டரில் நல்ல ஒலியோடு ஓடும் படத்தை மங்கல் பிரிண்டில் பார்க்க யாருக்குப் பிடிக்கும்?

கேம் இதற்கு நேர்மாறாகப் போயிற்று என்பதுதான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம். இப்போது தூக்கி வர எதுவுமே இல்லை. உத்தமபாளையத்தில் என் அக்கா வீட்டுக்கு ஃபைபர் கேபிள் வந்திருக்கிறது. அக்கா மகன் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறான். ராத்திரி நூறு ஜிபி கேமை டவுன்லோடு போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்போது தயாராக இருக்கிறது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் 2015-லிருந்து ரூபாயிலேயே விலை போடுகிறார்கள், யுபிஐயில் பணம் கட்டிவிடுகிறான். நகல் சிடி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. வழி திறந்து கிடக்கிறது. ஆனாலும் தாமதம் முன்னைவிட நீண்டுவிட்டது. வைஸ் சிட்டிக்கு நாங்கள் காத்திருந்தது மாதக் கணக்கில். காட் ஆஃப் வார் பிளேஸ்டேஷனில் வந்தது 2018 ஏப்ரல், பிசிக்கு வந்தது 2022 ஜனவரி. கோஸ்ட் ஆஃப் சுஷிமா 2020-இல் அங்கே, 2024 மே மாதம் இங்கே. ஒரு பையன் பிளஸ் ஒன் சேர்ந்து காலேஜ் கடைசி வருஷத்துக்குப் போகும் காலம் இது.

காட் ஆஃப் வாரை அவன் வாங்கிய அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பனிக்காட்டில் அப்பனும் மகனும் நடந்து போகிறார்கள். மரத்தின் மேல் விழும் வெளிச்சத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். அவன் முகத்தில் ஒன்றுமில்லை.

“என்ன மாப்ள, நல்லால்லியா?”

“நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா கதை பூராத் தெரியுமே. யூடியூப்ல முழுசாப் பாத்துட்டேன். கடைசியில அந்தப் பையனோட இன்னொரு பேரு தெரிய வரும்ல, அது வரைக்கும்.”

கேம் தமிழில் பேசவில்லை, தமிழ் யூடியூபர்கள் பேசினார்கள். பிளேஸ்டேஷன் வைத்திருந்த யாரோ ஒருவர் நேரலையில் விளையாட, இவன் மூன்றே முக்கால் வருஷம் முன்னாடியே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டான். பணம் கொடுத்து வாங்கியபோது அவனுக்கு மிஞ்சியது விரல் வேலை மட்டும். டீக்கடையில் கிளைமாக்ஸ் கேட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனவர்களுக்கும் இதுதான் நடந்தது.

பிளேஸ்டேஷன் வாங்க வேண்டியதுதானே என்பார்கள். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்ததே 2021 பிப்ரவரியில், மற்ற பல நாடுகளுக்கு வந்து ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து. அப்போது விலை 49,990 ரூபாய். எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு மெஷின் உள்ளே வர வேண்டுமானால் அது நாலு வேலை பார்க்க வேண்டும். டிஎன்பிஎஸ்சிக்கு மனுப் போட வேண்டும், ஜிஎஸ்டி பில் அடிக்க வேண்டும், கொரோனா காலத்தில் பார்த்தோமே அப்படி ஆன்லைன் வகுப்பு ஓட வேண்டும். அந்த வேலைகளுக்குத்தான் அக்கா சிஸ்டம் வாங்கச் சம்மதித்தாள். கிராபிக்ஸ் கார்டு அப்புறம் அவன் சம்பளத்தில், சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. விளையாட மட்டும் ஒரு பெட்டி என்றால் அந்த வீட்டில் பேச்சையே எடுக்க முடியாது.

அதற்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தது அரசு லேப்டாப். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிய திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு லேப்டாப் போயிற்று. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து பார்க்கப் போகிறவர் வீட்டிலும், எஸ்டேட்டுக்கு ஜீப்பில் போய் வருகிறவர் வீட்டிலும் முதல் கம்ப்யூட்டர் அதுதான். புதுக் கேம்கள் அதில் ஓடாது. வைஸ் சிட்டி ஓடும். ஒரு தலைமுறையே அதில்தான் விரல் பழகியது. உலகத்தில் வேறெங்கும் ஓர் அரசாங்கம் பிசி கேமுக்கு இத்தனை பேரைத் தயார் செய்து வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை, அது நோக்கமாக இல்லாவிட்டாலும். இவர்கள் இப்போது சம்பாதிக்கிறார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்து நல்ல சிஸ்டம் வாங்குகிறார்கள். சந்தை எங்கே இருக்கிறது என்று பிளேஸ்டேஷன் செய்கிற சோனி டோக்கியோவில் உட்கார்ந்து தேட வேண்டியதில்லை.

கன்சோல் கம்பெனிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு, அதைக் கேட்காமல் பேசக் கூடாது. பெட்டியில் அவர்களுக்கு லாபம் சொற்பம். தங்கள் கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் வரும் 30 சதவீதத்தில்தான் பிழைப்பு. அதே கேம் ஸ்டீமில் விற்றால் அந்தப் பங்கு ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனிக்குப் போகும். எல்லாமே முதல் நாளே பிசியில் கிடைத்தால் பெட்டியை யார் வாங்குவார்கள்? மைக்ரோசாஃப்ட் 2016-லிருந்து தன் கேம்களை எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸிலும் ஒன்றாக விடுகிறது, அதன் பெட்டி விற்பனை பிளேஸ்டேஷனை எட்டவில்லை என்று காட்டுவார்கள். எக்ஸ்பாக்ஸ் அதற்கு முன்னாலேயே, 2013-லேயே பின்தங்கிவிட்டது என்பதை மறந்துவிடுவார்கள். சோனியே ஒரு தடவை செய்து பார்த்தது. ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம் 2024 பிப்ரவரி 8 அன்று பிளேஸ்டேஷன் 5-லும் பிசியிலும் ஒரே நாளில் வந்தது. 12 வாரத்தில் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள். அதுவரை எந்த பிளேஸ்டேஷன் கேமும் அவ்வளவு வேகமாக விற்றதில்லை. அதன் பிறகும், கூட்டமாக விளையாடும் கேம்தான் ஒன்றாக வரும், கதை சொல்லும் பெரிய கேம் முதலில் பெட்டிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். முன்கூட்டிக் கதை தெரிந்தால் கெட்டுப்போவது கதை சொல்லும் கேம்தானே? அதைத்தான் தாமதிக்கிறார்கள்.

சினிமாவில் விஸ்வரூபம் நேரத்தில் நடந்த சண்டை நினைவுக்கு வருகிறது. 2013-இல் வெளியான அந்தப் படத்தை டிடிஎச்சில் காட்டுகிறேன் என்று கமல்ஹாசன் சொன்னதும் தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. அன்று நான் தியேட்டர்காரர்கள் பக்கம்தான், இன்றும் ஓடிடிக்குச் சில வாரம் இடைவெளி வேண்டும் என்பேன். தியேட்டர் வாசலில் நூற்றைம்பது, இருநூறு ரூபாய் கொடுத்தால் யாரும் உள்ளே போகலாம். வாசலுக்கே ஐம்பதாயிரம், அதற்கு மேல் டிக்கெட் தனி என்கிற கொட்டகைக்கு அந்தச் சலுகையை நான் கொடுக்க மாட்டேன்.

நம் நாட்டு கேம் ஒன்றுக்கே இது நடந்தது. புனேயில் செய்த ராஜி என்ற கேம், நம் கோட்டைகளையும் புராணங்களையும் வைத்துச் செய்தது. 2020 ஆகஸ்ட் மாதம் முதலில் நின்டெண்டோ ஸ்விட்சில் வந்தது. இந்தியாவில் நின்டெண்டோ அந்தப் பெட்டியை முறையாக விற்பனைக்கே கொண்டுவரவில்லை. இங்கே செய்தது, இங்கே விற்காத மெஷினில் முதலில் ஓடியது. பிசிக்கு அக்டோபரில் வந்தது. கையில் காசில்லாத சின்னக் குழு, ஒப்பந்தம் போட்டால்தான் கேமை முடிக்க முடியும் என்ற நிலைமை இருந்திருக்கலாம். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் டொரண்டோவில் இன்னொரு சின்னக் குழு வேறு மாதிரி செய்தது. வெண்பா. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்த சமையல் குறிப்பு நோட்டில் அழிந்துபோன வரிகளை நாமே ஊகித்து இட்லி ஊற்ற வேண்டும். 2023 ஜூலை 31 அன்று பிசி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் ஒரே நாளில் விட்டார்கள். உத்தமபாளையத்தில் அன்று ராத்திரியே ஓடியது. இட்லித் தட்டை எந்த அடுக்கில் எப்படி வைப்பது என்று மருமகன் திணற, அக்கா அடுப்படியிலிருந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள். “குழிக்கு நேரா குழி வந்தா ஆவி எப்பிடிடா ஏறும்? தட்ட மாத்தி வையி.” அவள் சொன்னபடி வைத்தான், இட்லி வெந்தது. யூடியூப்பில் யாரும் விடை சொல்லியிருக்கவில்லை, சொல்ல நேரமே இருக்கவில்லை. ஒரு கேம் முன்னால் என் அக்கா நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

கன்சோல் கம்பெனிகள் சொல்வதில், பிசிக்கு மாற்ற நாளாகும் என்ற காரணம் மட்டும் நிஜமானது. ஆயிரம் விதமான சிஸ்டங்களில் ஓட வேண்டும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் 2023 மார்ச்சில் பிசிக்கு வந்தபோது திக்கித் திணறி நின்றதை நானே பார்த்தேன், பேட்ச் மேல் பேட்ச் போட்டுத்தான் தேற்றினார்கள். அது கடைசியில் ஒட்டுப் போட்டதால் வந்த வினை. பிசியில் தேர்ந்த நிக்ஸஸ் என்ற டச்சு நிறுவனத்தையே 2021-இல் சோனி வாங்கி வைத்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே அவர்களைச் சேர்த்துக்கொண்டு செய்யலாம். பிசி தயாராகவில்லை என்றால் கன்சோலையும் நிறுத்தி வைக்கட்டும், எல்லோரும் ஒன்றாகக் காத்திருக்கலாம்.

ஜிடிஏ ஆறாம் பாகத்துக்கு 2026 நவம்பர் 19 என்று தேதி போட்டிருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டுக்கும்தான். ஜிடிஏவை உருவாக்கும் ராக்ஸ்டார் கன்சோல் செய்கிற கம்பெனிகூட இல்லை, ஆனாலும் பிசிக்கு அதில் தேதி இல்லை. ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் அங்கே வந்து, 2015 ஏப்ரலில்தான் பிசிக்கு வந்தது. ஊர் மறுபடியும் அதே வைஸ் சிட்டி. மருமகன் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வருகிறான். நவம்பர் வந்தால் யூடியூப் பக்கமே போகப் போவதில்லை என்கிறான். கடையில் கூட வேலை பார்க்கிற பையன்களிடமும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்: “யாராச்சும் கதையச் சொன்னீங்க, பேச மாட்டேன்.” அவர்கள் யாரிடமும் பிளேஸ்டேஷன் இல்லை. அவர்களும் யூடியூப்பில்தான் பார்க்கப்போகிறார்கள்.