ஒரே கிளிக்கில் நாற்பது கிளைகள்

கிளவுட் டேஷ்போர்டுக்கு அட்மின் ஆகிவிட்டீர்கள். வாழ்த்துகள்! இனி ராக்கின் முன்னால் குந்தி, நீலக் கன்சோல் ஒயரைத் தேடி, ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் கட்டளை அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மெராக்கியோ, அருபா சென்ட்ரலோ, ஜூனிப்பர் மிஸ்ட்டோ, எதை வாங்கியிருந்தாலும் நாற்பது கிளைகளின் ஸ்விட்சும் வைஃபையும் ஃபயர்வாலும் ஒரே பிரவுசரில் வந்து நிற்கும். முன்பெல்லாம் நாற்பது கிளைகளையும் முடக்க நாற்பது ஊருக்கு பஸ் ஏற வேண்டும். அந்த அலைச்சல் ஒழிந்தது. கீழே உள்ளவற்றில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். மீதியையும் முறைப்படி கற்றுக்கொள்ளுங்கள்.

1. முதல் கணக்கை உங்கள் சொந்த ஜிமெயிலில் தொடங்குங்கள். கம்பெனி பெயரில் பொது முகவரி கேட்டு யாரிடமும் போய் நிற்காதீர்கள். ஓடிபி உங்கள் கைபேசிக்கே வரட்டும். கடவுச்சொல்லை மட்டும் டீம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். உள்ளே நுழைய வேண்டியவர்கள் உங்களைக் கூப்பிடுவார்கள். உங்கள் கல்யாணத்தன்று கூப்பிடுவார்கள், வேலையை விட்டுப்போன பிறகும் கூப்பிடுவார்கள். இப்படிப்பட்ட வேலைப் பாதுகாப்பை எந்தச் சங்கமும் வாங்கித் தந்ததில்லை.

2. எல்லோருக்கும் முழு அதிகாரம் கொடுங்கள். பார்க்க மட்டும் அனுமதி என்பது கௌரவக் குறைச்சல். கேபிள் இழுக்க வந்த வெண்டர் தம்பியையும் அட்மின் ஆக்குங்கள், வேலை முடிந்ததும் நீக்காதீர்கள், மறுபடி வரமாட்டாரா என்ன? யார் எதை மாற்றினார் என்று டேஷ்போர்டு பதிவு வைத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஐந்து பேரும் ஒரே லாகினில் நுழையுங்கள். எல்லாப் பழியும் ‘அட்மின்’ என்ற ஒருவர் தலையில் விழும், அவரை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட முடியாது.

3. பெயர் வைப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். ‘புதுசு’, ‘புதுசு-2’, ‘டெஸ்ட்’ போதும். சம்பளப் பிரிவை ‘டெஸ்ட்’டில் ஓடவிடுங்கள், யாராவது ஒருநாள் சுத்தம் செய்வார். பெயரே வைக்காவிட்டால் இன்னும் நல்லது. கிளையில் இருக்கும் அக்கவுண்டன்ட் ஏணியில் ஏறி, கூரையில் இருக்கும் ஆக்ஸஸ் பாயிண்டின் மேக் முகவரியை போனில் வாசிப்பார். நீங்கள் ‘பி ஃபார் பாம்பேயா, டி ஃபார் டெல்லியா சார்?’ என்று கேளுங்கள். அவர் கண்ணாடியைக் கீழே மேஜையில் விட்டிருப்பார்.

4. நேர மண்டலத்தைத் தொடாதீர்கள். ‘அமெரிக்கா, லாஸ் ஏஞ்சலஸ்’ என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும், கேட்பவர்களுக்கு மரியாதையாக இருக்கும். ஃபர்ம்வேர் புதுப்பிப்பை மட்டும் பொறுப்பாக அதிகாலை 2 மணிக்குத் திட்டமிடுங்கள். அங்கே அதிகாலை 2 என்றால் நமக்குக் கோடையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. கோவைக் கிளையில் வாடிக்கையாளருக்கு வீடியோ டெமோ ஓடும் நேரத்தில் எல்லா ஸ்விட்சும் ஒன்றாக ரீபூட் ஆகும். நீங்கள் விதிப்படி நள்ளிரவுக்குப் பின்தான் செய்தீர்கள், எந்த நள்ளிரவு என்று யாரும் கேட்டு வைக்கவில்லையே.

5. வைஃபை பெயர்களில் தாராளமாக இருங்கள். மெராக்கி 15 வரை அனுமதிக்கிறது, 15-ஐயும் போடுங்கள். ஒவ்வொரு பெயரும் விநாடிக்குச் சுமார் 10 முறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கும், அதுவும் இருப்பதிலேயே மெதுவான வேகத்தில். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. நீங்கள் 3, 4, 8 போடுங்கள். பவரை முழுசாக ஏற்றுங்கள். மேலாளரின் லேப்டாப்பில் சிக்னல் கோடு நிறைய இருக்கும், ஒரு மெயில்கூடத் திறக்காது. கோடு நிறைய இருக்கிறதே சார் என்று சொல்லிவிடலாம்.

6. எல்லா அலர்ட்டையும் எல்லோருக்கும் அனுப்புங்கள். பிறகு எல்லோரும் அதை ஒரு தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிடுங்கள்.

7. இனிதான் தொழிலின் உச்சம்: டெம்ப்ளேட். ஓரிடத்தில் மாற்றினால் நாற்பது கிளைக்கும் போகும் என்பது விற்பனையாளரின் வாக்கு, அவர் பொய் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை 5.45-ஐத் தேர்ந்தெடுங்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, கிளைகள் வெளியுலகோடு பேசும் அப்லிங்க் போர்ட்டின் விலானை மாற்றுங்கள். ஒரே கிளையில் முதலில் சோதித்துப் பார்ப்பது கோழைத்தனம். சேவ் அழுத்தியதும் கட்டளை அந்த இணைப்பு வழியாகப் போய் அதே இணைப்பை வெட்டும். ‘ஐயோ, பழையபடி மாற்று’ என்ற அடுத்த கட்டளையும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டுவது போலத்தான், இங்கே பூட்டியது நாற்பது வீடு. சில கருவிகள் கிளவுடைக் காணாவிட்டால் கடைசியாக ஓடிய பழைய அமைப்புக்குத் தாமாகவே திரும்பப் பார்க்கும். அதை நம்பிக் கிளம்பிவிடுங்கள்.

மாற்றுவழியாக ஒரு 4ஜி சிம் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், மாதம் எவ்வளவு என்று கேட்டு வாயை அடையுங்கள். பெரிய இடத்திலேயே அப்படித்தான். கனடாவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம் 2022 ஜூலை 8 அன்று 1.2 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களை ஒரே காலையில் இருட்டில் தள்ளியது. நெட்வொர்க்கை மேம்படுத்தும் ஏழு கட்ட வேலையில் அன்று நடந்தது ஆறாவது கட்டம். தொடக்கத்தில் ஆபத்து ‘அதிகம்’ என்று குறித்திருந்தார்கள், முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால் ‘குறைவு’ என்று மாற்றினார்கள். இந்தக் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். ஒரு வடிகட்டியை நீக்கினார்கள், வழிகாட்டித் தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து நடு ரௌட்டர்கள் விழுந்தன. அவற்றைச் சரிசெய்ய வேண்டிய நிர்வாக நெட்வொர்க்கும் அதே ரௌட்டர்களை நம்பியிருந்தது, ஊழியர்களின் கைபேசிகளும் அதே கம்பெனியின் சேவையில்தான். காரணத்தைக் கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம் ஆயிற்று. உங்களிடம் இருப்பது நாற்பது கிளைதானே, மனம் தளராதீர்கள்.

8. பேக்கப் எடுக்காதீர்கள். கிளவுட்டில் இருப்பது எங்கே போகும்? 2017 ஆகஸ்ட் 3 அன்று மெராக்கியின் பொறியாளர்கள் வட அமெரிக்கச் சேமிப்பகத்தில் தவறான கொள்கை ஒன்றை ஏற்றினார்கள். வாடிக்கையாளர்கள் பதிவேற்றி வைத்திருந்த லோகோக்கள், தள வரைபடங்கள், விருந்தினர் வைஃபைப் பக்கங்கள் பல அழிந்தன. நெட்வொர்க் அமைப்புகள் தப்பின. பார்த்தீர்களா, முக்கியமானது தப்பிவிட்டதே! ஏபிஐ வழியாக அமைப்புகளை வாரம் ஒருமுறை இறக்கி வைக்கும் ஸ்கிரிப்டை எழுத அரைநாள் போதும். அந்த அரைநாளில் டேஷ்போர்டை டார்க் மோடுக்கு மாற்றலாம்.

9. ஆபத்து நேரக் குறிப்புகளை, எந்த போர்ட்டில் எது, யாரைக் கூப்பிடுவது, ராக் சாவி யாரிடம் என்பதையெல்லாம், அதே நெட்வொர்க் வழியாக மட்டும் திறக்கும் இடத்தில் வையுங்கள். காகிதத்தில் எழுதி ராக் கதவில் ஒட்டுவது பழைய காலம். அமேசானின் எஸ்3 சேமிப்பு 2017 பிப்ரவரி 28 அன்று படுத்தபோது, சேவை நிலையைக் காட்டும் பக்கமும் எஸ்3-ஐயே நம்பியிருந்ததால் அதைத் திருத்த முடியாமல் ட்விட்டரில் செய்தி சொன்னார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் தன் முதுகெலும்பு நெட்வொர்க்கில் ஒரு பராமரிப்புக் கட்டளையை ஏற்றியது. அதைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலேயே பிழை. சுமார் ஆறு மணி நேரம் உலகத்திலிருந்தே காணாமல் போனது. பொறியாளர்கள் நேரில் ஓடினார்கள், கெடுபிடி அதிகமான கட்டடங்களுக்குள் நுழையவே நேரம் பிடித்தது. உங்களிடம் அவ்வளவு காவல் கிடையாது. பியூன் லீவில் இருந்தால் போதும், சாவி அவரிடம்தான் இருக்கும்.

10. லைசென்ஸ் புதுப்பிப்பைக் கொள்முதல் பிரிவிடம் விட்டுவிட்டு மறந்துவிடுங்கள். மெராக்கியின் கோ-டெர்ம் முறையில் எல்லாக் கருவிக்கும் சேர்த்து ஒரே கெடு நாள். கெடு தாண்டினால் 30 நாள் அவகாசம், அப்புறம் நெட்வொர்க் நின்றுவிடும். டேஷ்போர்டின் உச்சியில் எச்சரிக்கைப் பட்டை மீதி நாளை எண்ணிக்கொண்டிருக்கும். அதன் மூலையில் மூடும் குறி எங்கே என்று கண்டுபிடியுங்கள். கொள்முதல் பிரிவினர் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். 29-வது நாள் மூன்றாவதும் வந்துசேரும், தள்ளுபடி போதவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

11. எல்லாம் விழுந்த மறுநாள் காரண அறிக்கை கேட்பார்கள். ‘எதிர்பாராத மாற்றத்தால் சேவையில் சிறு தடங்கல்’ என்று எழுதுங்கள். யார் மாற்றினார் என்ற இடத்தில் ‘அட்மின்’. இனி நிகழாமல் தடுக்கும் நடவடிக்கை என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், மேலே இருப்பவர்கள் அதை மட்டும்தான் படிப்பார்கள். இந்த டேஷ்போர்டைக் கண்காணிக்க இன்னொரு கிளவுட் டேஷ்போர்டு வாங்கப்படும் என்று போடுங்கள். பட்ஜெட் உடனே பாஸாகும். கணக்கு தொடங்க மின்னஞ்சல் முகவரி கேட்கும்போது தயாராக இருங்கள்.